பார்க்காமலே சொன்னவர்

கிரிக்கெட் மட்டையை அவர் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. கொழும்பைக் கண்டதில்லை. இங்கிலீஷும் தெரியாது. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகிற வெள்ளைக்கார அணி வழியில் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடிவிட்டுப் போகும்போது, அந்த ஆட்டத்தை மலைநாட்டுக் கொட்டகலைக் கடைவீதிக்குக் காட்டியவர் அவர்தான். சொன்னார் என்று எழுதினால் போதாது, காட்டினார்.

கடைவீதியில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவர் தேநீர்க்கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் முதல் ரேடியோ வந்தது அவர் கடைக்குத்தான். லொறி பேட்டரியில் ஓடும் பெரிய பெட்டி. ஆட்டம் நடக்கிற அன்று இவர் அந்தப் பெட்டியின் மேல் ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து வருவது பாதி கரகரப்பு, பாதி இங்கிலீஷ். எண்கள் மட்டும் அவருக்குப் புரியும். ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பிடித்துக்கொள்வார். மீதியை மைதானத்துக் கூட்டத்தின் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தாரோ கற்பித்தாரோ, கேட்கிற எங்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"போடுறவன் வர்றான்... வர்றான்... எதுக்காத்து அடிக்குது, சட்டை நெஞ்சோட ஒட்டிக்கிட்டிருக்கு... போட்டுட்டான்! நம்ம பய ஒரு காலை மடக்கி இழுத்தான் பாருங்க, பந்து புல்லை மேஞ்சுகிட்டே போகுது, போகுது, கயித்துக்கிட்ட ஒரு நாய் படுத்திருக்கு, அது எந்திரிச்சு ஓடுது... நாலு!"

நான் அவர் வேலை செய்த தேயிலைத் தோட்டத்திலேயே ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். ஹட்டனில் இங்கிலீஷ் படித்தவன் என்ற மிதப்பும் கொஞ்சம் உண்டு. நாலு ஓட்டம் என்று ரேடியோ சொன்னது வாஸ்தவம். நாயைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாய் எங்கண்ணே வந்துச்சு?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"அவ்வளவு பெரிய மைதானம் கிளாக்கரய்யா. ஒரு நாய்கூடவா இல்லாம இருக்கும்?"

கடையே சிரித்தது, என்னைப் பார்த்து. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. மெலிந்த உடம்பு, குரல் மட்டும் தாராளம். பெயர் ஒன்று இருந்தது, ஆள்கணக்கு எழுதுகிற செக்ரோலில் நானே மாதாமாதம் எழுதியிருக்கிறேன். கடைவீதியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரேடியோ வந்தாச்சு' என்பார்கள், அது பெட்டியைச் சொல்வதாக இருக்காது.

கிரிக்கெட் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மற்ற நாட்களில் பத்திரிகை. கொழும்பிலிருந்து ரயிலில் வரும் தமிழ்ப் பேப்பரை நானா கடையில் அவர்தான் உரக்கப் படிப்பார். மாநகர சபையில் மேயர் தேர்தலில் கூச்சல் என்று பேப்பரில் இரண்டு வரி இருக்கும். இவர் அதைக் கால் மணி நேரம் படிப்பார். யார் முதலில் எழுந்தது, எந்த உறுப்பினர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார், மேசையில் தட்டியபோது மைக்கூடு எந்தப் பக்கம் சாய்ந்தது, எல்லாம் வரும். டிராம் போய் டிராலி பஸ் வந்தபோது அது எந்தெந்தச் சந்தியில் திரும்பும் என்று மனப்பாடமாகச் சொன்னார். சரக்கெடுக்க மாதம் தவறாமல் கொழும்புக்குப் போகிற நானாவே ஒருநாள் அவரிடம், "கோட்டையில எறங்கி மருதானைக்கு எந்த வண்டி?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் வழி சரியாகத்தான் இருந்தது.

எல்லாவற்றிலும் உச்சம் தேர்தல். முடிவுகள் ஒவ்வொரு தொகுதியாக ரேடியோவில் வரும். இவருக்குத் தொகுதிகள் எல்லாம் விரல்நுனியில். போன தடவை யார், எத்தனை வாக்கு, யார் கட்சி மாறினார், யாருக்கு யார் மச்சான் எல்லாம் சொல்வார். எண்ணுகிற மண்டபத்துக்குள் நின்று பேசுவது போலிருக்கும். "கட்டைப் பிரிக்கிறாரு... ஆளுக்கு மூஞ்சி வேர்த்துப் போச்சு... கைக்குட்டையத் தேடுறான், இல்ல..." தோற்ற வேட்பாளர் மீது எங்களுக்கெல்லாம் இரக்கமே வந்துவிடும்.

ஒரு தேர்தலில் இப்படி அவர் பொழிந்துகொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான்: "ஒங்க ஓட்டு யாருக்கு விழுந்துச்சு அண்ணே?"

அவர் காதை மறுபடி பெட்டியில் சாய்த்துக்கொண்டார். அவன் அறியாமல் கேட்டது. எங்கள் தோட்டத்தில் ஏறக்குறைய யாருக்கும் ஓட்டு இல்லை. வெள்ளைக்காரன் போனதும் வந்த சட்டம், இரண்டு மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களைப் பிரஜை இல்லை என்றது. பிரஜை இல்லாதவனுக்கு ஓட்டு ஏது? அதற்கு முந்திய தேர்தலில் வேட்பாளர்களின் கார்கள் லயத்து வீடுகளின் வாசல் வரை மேடேறி வந்தன. சட்டத்துக்குப் பிறகு அவை கடைவீதியோடு திரும்பிப் போயின.

அந்த முந்திய தேர்தலில் இவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். வாழ்க்கையில் ஒரே முறை. அதைப் பற்றி நான் பலதடவை கேட்டிருக்கிறேன். பார்க்காத எதையும் மணிக்கணக்கில் சொல்கிற மனிதர், தான் கண்ணால் கண்ட அந்த ஒன்றைப் பற்றி, "போனேன், போட்டேன், வந்தேன்யா" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

ஆனால் இன்னொரு தடவை போட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. வேறு எதற்கும் அவர் ஏங்கி நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் தொடர்ந்து வசித்தவன் என்று நிரூபித்தால் பிரஜையாகப் பதிந்துகொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் வந்தபோது, தோட்டத்தில் முதல் விண்ணப்பம் அவருடையது. பிறகு வருஷக்கணக்கில் காத்திருந்தார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. என் அப்பா பெரிய கணக்கப்பிள்ளை, காகிதங்களையெல்லாம் தகரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார், என் பதிவு சுலபமாக வந்துவிட்டது. ஒரு தேர்தலன்று மழை பெய்கிறது என்று நான் ஓட்டுப் போடப் போகவே இல்லை. அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

கடைசியில் விசாரணைக்கு நாள் வந்தது. அதிகாரி தோட்டத்து ஆபீசுக்கே வருவார், இங்கிலீஷில் கேட்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு முந்திய ஒரு மாதமும் அவர் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார். மந்திரிகள், இலாகாக்கள், தொகுதிகள், சபாநாயகர், மாகாணங்கள், ஆறுகள். ஸ்டோர் மாடியில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே முணுமுணுப்பாராம். "எதைக் கேட்டாலும் சொல்லிப்புடுவேன்யா. கண்டி மேயர் மொதக்கொண்டு கேக்கட்டும்."

அன்று காலை நானாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கை இரண்டு அங்குலம் குட்டை. அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தோட்டத்து ஆபீசில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

மேயரை யாரும் கேட்கவில்லை. மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், எந்தெந்தத் தோட்டத்தில் எப்போது வேலை. இங்கே வருமுன் மூன்று வருஷம் கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தேன் என்றார். அந்த மூன்று வருஷத்துச் செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது, காகிதம் இல்லை. அதிகாரி பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நேட்டிவ் பிளேஸ்?"

நான் தமிழில் சொன்னேன்: "சொந்த ஊரு எதுன்னு கேக்குறாரு."

எங்கள் பேச்சில் நாங்கள் இருக்கிற இடம் ஒருநாளும் ஊர் இல்லை. அது தோட்டம். வீடு என்பது லயம். கடைவீதி இருந்தால் அது டவுன். ஊர் என்றால் கடலுக்கு அந்தப்புறம், பாட்டன் பூட்டன் கிளம்பி வந்த இடம். கல்யாணப் பேச்சில் முதலில் கேட்பது 'ஊரு எது' என்றுதான். சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இங்கேயே பிறந்து கப்பலைப் படத்தில்கூடப் பார்க்காதவனும் ஜில்லா, தாலூகாவோடு ஊரைச் சொல்வான். இது எனக்குத் தெரியாதா? நானும் அதே மண்ணில் பிறந்தவன்தானே. 'எங்க பொறந்தீங்க' என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் வீட்டார் முன்னால் உட்கார்ந்ததுபோல.

"திருச்சி ஜில்லா, துறையூர் தாலூகா, ஆலம்பட்டிங்க."

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பாரோ என்னவோ. அதிகாரி ஒரு பேச்சுக்காக, அது எப்படிப்பட்ட இடம் என்று கேட்டார். நான் அதையும் தமிழில் சொன்னேன். இவருக்குக் கண் பளிச்சிட்டது. ஒரு மாதமாகப் படித்ததில் ஒன்றையும் கேட்காத மனிதர் இப்போதாவது வாயைத் திறக்கச் சொன்னாரே.

"ரோட்டுலேருந்து எறங்குனா மொதல்ல ஏரிங்க. கரையில நாலு பனை நிக்கும், ஒண்ணு இடி விழுந்து மொட்டை. கரை தாண்டுனா மாரியாத்தா கோயிலு. பூசாரிக்கு ஒரு கண்ணு பூ விழுந்தது, ஆனா ஆளு நடையைக் கேட்டே யாருன்னு சொல்லிப்புடுவாரு. கோயிலுக்கு மேக்கால மூணாவது வீடு எங்களுது. முன்னால ஒரு வேம்பு. மத்தியானத்துல அது அடியில ஆட்டுக்குட்டியெல்லாம் படுத்திருக்கும், தண்ணிக்குப் போற பொம்பளைங்க அதுங்களைத் தாண்டித்தான் போவாங்க..."

ஆட்டுக்குட்டி வந்தபோதாவது எனக்கு மைதானத்து நாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வேறு போதை. ஒரு பெரிய அதிகாரி முன்னால் முதல் தடவையாக இங்கிலீஷ் பேசுகிறேன். மொட்டைப் பனையை, பூ விழுந்த கண்ணை, வேம்பின் நிழலை ஒன்றுவிடாமல் அழகாக மொழிபெயர்த்தேன். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். என் இங்கிலீஷைப் பாராட்டினார். அதிகாரி நீட்டிய வாக்குமூலத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், சாட்சிக்கு நானும் போட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

"எப்படிய்யா, நல்லாச் சொன்னேனா?" என்று வெளியே வந்ததும் கேட்டார். பிரமாதம் என்றேன்.

பல மாதம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் இந்தியாவிலுள்ள தம் சொந்த ஊரை நேரில் நன்கு அறிந்தவர் என்பது அவருடைய வாக்குமூலத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. காகிதம் இல்லாத மூன்று வருஷமும் அவர் அங்கே வசித்திருக்க வேண்டும். ஆகவே இந்த நாட்டில் தொடர்ந்து வசித்ததாகக் கொள்ள முடியாது.

"நேர்ல நல்லா அறிஞ்சவர்னா போட்டிருக்கு?" என்றார். ஒரு நொடி, சத்தியமாக, அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. சொன்ன விதத்துக்குக் கிடைத்த மெச்சல் என்று நினைத்துவிட்டார். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. கடிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானாவும் நானும் அவரை ஹட்டனில் வழக்குப் பார்க்கும் ஒரு புரொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். புரொக்டர் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "பாக்காத ஊர்ல எத்தனை பனை நிக்குதுன்னு ஒருத்தர் சொல்ல முடியுமா? எந்த நீதவான் நம்புவார்?" என்று கேட்டார்.

நானா எழுந்து நின்றுவிட்டார். "நான் சாட்சி சொல்றேன் ஐயா. இவரு எல்லாத்தையும் பாக்காமத்தான் சொல்லுவாரு. கிரிக்கெட்டும் அப்படித்தான், பார்லிமெண்டும் அப்படித்தான். கடையில நூறு பேரு இருக்காங்க, எல்லாரும் வந்து சொல்லுவாங்க."

"அப்ப இவர் வாயில வர்றது எல்லாம் பொய்னு ஆகுமே. தொடர்ந்து இங்கயே இருந்தேன்னு சொல்றதை மட்டும் எப்படி நம்பச் சொல்றது?"

நானா உட்கார்ந்தார். ரயிலில் திரும்பி வரும்போது நான் சொல்லிவிட்டேன்: "நான்தாண்ணே கெடுத்தேன். ஊரு எதுன்னு கேட்டிருக்கக் கூடாது." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நீங்க வேற எப்படிக் கேப்பீங்க, ஐயா? ஊரை ஊருன்னுதானே கேக்கணும்" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகும் அவர் கடைக்கு வந்தார். பேப்பரில் இருக்கிற இரண்டு வரியை இரண்டு வரியாகவே படித்தார். ஆட்டம் நடந்த அன்று பையன்கள் பெட்டிக்கு முன்னால் இடம் விட்டு விலகி நின்றார்கள். "நாலு" என்றார். "பந்து எப்படிண்ணே போச்சு?" என்று கேட்டதற்கு, "நான் பாக்கலப்பா" என்றார். கேலிக்குச் சொல்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்காததைக் கண்டு அவர்களும் நிறுத்தினார்கள். அடுத்து வந்த தேர்தலில் தொகுதி, பெயர், எண் மட்டும் சொன்னார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. நானா ரேடியோவைப் பாட்டுக்குத் திருப்பி வைத்தார்.

பத்து வருஷம் போல ஓடியது. அப்புறம் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு. கேட்டவுடன் தோட்டமே கலங்கிப்போனது. யார் எந்தப் பங்கு என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் அவர் ஆபீசுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இந்தியாவுக்கு எழுதிப் போட வேண்டும் என்றார்.

"நிசமாவாண்ணே? போறீங்களா?"

"ஏதாச்சும் ஒரு நாட்டுக்காரனா இருந்து சாவோமேய்யா. இங்கதான் அந்த ஊருக்காரன்னு எழுதிட்டாங்களே."

படிவத்தை நான் நிரப்பினேன். ஜில்லா, தாலூகா, கிராமம். வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலைந்து மாதத்தில் பதில் வந்தது. அந்தத் தாலூகாவில் அப்படி ஒரு கிராமம் பதிவில் இல்லை. சரியான ஊர்ப் பெயரை எழுதி மறுபடி அனுப்பவும். கூடவே ஒரு புதுப் படிவம் வைத்திருந்தார்கள்.

அவரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் காதில் ஏறவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

"ஏரி இருக்கேய்யா?" என்றார்.

"பேரு மாறியிருக்கும்ணே. இல்லன்னா வேற தாலூகாவா இருக்கும். அப்பா வேற ஏதாவது சொல்லியிருக்காரா, யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். அவருடைய அப்பா இந்த நாட்டுக்கு எந்த வயதில் வந்தார் என்று கேட்டேன். தெரியாது என்றார். கேட்டதில்லையாம். கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று யாரோ சொன்ன ஞாபகமாம். சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அவரும் பாக்காமத்தான் சொல்லியிருக்காரு போல."

நான் புதுப் படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அதை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"நீங்க படிச்சவரு கிளாக்கரய்யா. ஏதாச்சும் ஒரு ஊரு பேரை எழுதி விடுங்க."

அப்பா சொன்ன பெயர் ஒன்றைத் தவிர எனக்கும் ஒரு ஊரும் தெரியவில்லை.